காற்று எவ்வளவு வைக்கலாம்

கோம்பையில் ஜீப் ஓட்டியே தலை நரைத்தவர்கள் இருபது பேராவது தேறுவார்கள். அவர்களில் ஒருத்தன், போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி, காருக்குக் காற்று எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன செய்யும்? சிரிக்கத்தான் செய்யும். அந்த ஆடி மாதம் முழுக்க சுருளியாண்டியைப் பார்த்து ஊர் சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சிரித்து முடித்ததும் மறுபடி கேட்டான்.

சும்மா ஆளா அவன்? முப்பத்தொரு வருடம் கம்பம் மெட்டு மலை ஏறி இறங்கியவன். விடியக் கருக்கலில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு மேலே போவான். பொழுது சாய அவர்களைக் கீழே கொண்டுவந்து அவரவர் தெருமுனையில் இறக்கிவிடுவான். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவனுக்கு மீட்டரும் கிடையாது, கீட்டரும் கிடையாது. செருப்புக் காலால் ஓர் உதை விடுவான். கல்லில் உதைத்த மாதிரி கால் திரும்பி வந்தால் காற்று சரி. கொஞ்சம் அமுங்கினாலும் இன்னும் அடி என்பான். பதினாலு பேரைச் சுமந்து மலை ஏறுகிற வண்டிக்கு அந்த உதைதான் அளவு. அது ஒரு நாளும் அவனை நடுவழியில் விட்டதில்லை.

ஆனால் கார் ஜீப் இல்லையே. அங்கேதான் ஆள் மாட்டிக்கொண்டான்.

கார் வாங்கியது அவனுக்காக இல்லை, மனைவி முத்துப்பேச்சிக்காக. பேச்சிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். இடுப்புக்கு மேலே எலும்புக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை நெருக்குகிறது என்று மதுரையில் வைத்து அறுத்தார்கள். ஆம்புலன்ஸில் படுத்தபடி போனாள், படுத்தபடியே வந்தாள். இரண்டாவது தடவை காட்டப் போனபோதுதான் டாக்டர் இனி காரில் உட்கார்ந்து போகலாம் என்றார். தூக்கிப் போடக் கூடாது, அரை மணிக்கு ஒரு தடவை இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த வாரமே சுருளியாண்டி ஜீப்பை விற்றுவிட்டு, தேவாரத்தில் ஒரு வாத்தியார் பூப்போல வைத்திருந்த பழைய வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் மகாலட்சுமிக்கு ஆவணி பதினாறில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வருசநாடு. அவர்கள் வழக்கப்படி தாலிகட்டு மாப்பிள்ளை ஊரில்தான். கோம்பையிலிருந்து தேனி போய், கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று மலைக்குள் போக எண்பது கிலோமீட்டருக்கு மேலே வரும். ஒற்றை மகள். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது பெற்றவள் பக்கத்தில் நிற்க வேண்டும். சுருளியாண்டிக்கு அந்த வருடம் இருந்த ஒரே ஆசை அதுதான்.

தங்கை ஜோதிலட்சுமி, பேசாமல் ஆம்புலன்ஸைப் பிடித்துவிடலாம் என்று யோசனை சொன்னாள். படுத்த இடத்திலிருந்தே பேச்சி மறுத்துவிட்டாள். "கல்யாண வீட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நின்னா, குலவை போடுறதா ஒப்பாரி வைக்கிறதான்னு சம்பந்தி வீட்டுல முழிப்பாக" என்றாள். ஜோதிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள்.

முதல் ஓட்டம் ஆடி முதல் வாரத்தில் நடந்தது. பின்சீட்டில் மெத்தையை விரித்து, நாலு தலையணையை முட்டுக்கொடுத்து, பேச்சியை உட்கார வைத்தான். கிளம்புவதற்கு முன்பு நாலு டயரிலும் நாலு உதை விட்டுப் பார்த்தான். எல்லாம் கல்லு. ராயப்பன்பட்டி தாண்டவில்லை, கண்ணாடியில் பார்த்தால் பேச்சி கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். இவனாகத்தான் வண்டியைத் திருப்பினான். அந்தச் சின்ன வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தவளை மாதிரி எகிறியது.

அன்று சாயங்காலம் கஞ்சியைக் குடித்துவிட்டு பேச்சி நிதானமாகச் சொன்னாள். "பிள்ளைய நீங்களும் ஒங்க தங்கச்சியும் போயி ஒப்படச்சிட்டு வாங்க. நான் இங்கன இருந்தே கும்பிட்டுக்கிறேன்."

அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பான். அவள் அழவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தக் காற்றுப் பைத்தியம். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிறவர், எல்லாருக்கும் முப்பத்தைந்துதான் வைப்பது, உங்களுக்கும் அதே என்றார். பால் வண்டி ஓட்டுகிறவர் நாற்பதுக்குக் கீழே இறங்காதே என்றார். திராட்சைத் தோட்டக்காரர் ஒருத்தர், தன் மச்சான் வெளிநாட்டில் இருபத்தாறுதான் வைக்கிறான் என்று மச்சானுக்கே போன் போட்டுக் கொடுத்தார். மச்சான் அங்கே தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொன்னான். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற எண்ணைப் பார் என்று ஒரு மகராசன் சொல்ல, குனிந்து பார்த்தால் அங்கே ஐம்பத்தொன்று என்று இருந்தது. அதை வைத்தால் பேச்சி கூரையில் முட்டுவாள். ஆளாளுக்கு ஒன்று சொல்லி சுருளியாண்டிக்கு மண்டை காய்ந்துபோனது.

கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். குலுங்குவது காற்றால்தானே? காற்றைக் குறைத்தால் போயிற்று. ஒரு குச்சியை எடுத்து நாலு டயரிலும் வால்வை அழுத்தி, புஸ்ஸென்று விட்டுக்கொண்டே போனான். உதைத்தால் கால் பதியும் அளவுக்கு வந்ததும் நிறுத்தினான். ஊருக்குள் ஒரு சுற்று வந்தான். அடடா, தொட்டில்தான். பள்ளம் எது மேடு எது என்றே தெரியவில்லை. கிடைத்துவிட்டது மருந்து என்று, அந்தச் சந்தோஷத்திலேயே கல்யாணச் சமையலுக்குக் காய்கறி சொல்லிவைக்கத் தேனி மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போனான். திரும்பி வரும்போது, சின்னமனூருக்கு முன்னால், ரப்பர் கருகுகிற வாடை அடித்தது. ஸ்டீயரிங் இடது பக்கமாகவே இழுத்தது. எப்படியோ உருட்டிக்கொண்டுபோய் ரோட்டோரப் பஞ்சர் கடையில் நிறுத்தினான்.

கடைக்காரர் ஈஸ்வரபாண்டி. பார்த்தால் சாது, வாயைத் திறந்தால் அவ்வளவுதான். டயரில் கையை வைத்தவர் சுட்டுக்கொண்டு உதறினார். மீட்டரை வைத்துப் பார்த்தார். பதினாலு.

"அண்ணே, இது காரா, காத்துப்போன பலூனா?" என்றார். இன்னும் இருபது கிலோமீட்டர் போயிருந்தால் டயர் வெடித்து வண்டி குப்புறக் கிடந்திருக்கும், கல்யாணச் சாப்பாட்டுக்குச் சொன்ன காய்கறியை வேறு காரியத்துக்குச் சமைத்திருப்பார்கள் என்று திட்டினார். சுருளியாண்டி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். முப்பத்தொரு வருட டிரைவர் அப்படி நின்று திட்டு வாங்குவது அதுதான் முதல் தடவை. திட்டி முடித்ததும் மெல்ல விஷயத்தைச் சொன்னான். பேச்சியின் முதுகு, மகள் கல்யாணம், முதல் ஓட்டம், எல்லாம்.

ஈஸ்வரபாண்டியின் குரல் தணிந்துவிட்டது. முதல் ஓட்டத்தில் எவ்வளவு காற்று வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். உதைத்துத்தான் பார்த்தேன், எண் தெரியாது என்றான் இவன். அப்படியானால் டயர் ஆறட்டும், ஒரு டயருக்கு அடிக்கிறேன், உங்கள் உதைக்குச் சரியாக வந்ததும் சொல்லுங்கள் என்று டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். ஆறியதும் அடித்தார். சுருளியாண்டி உதைத்தான். இன்னும் என்றான். அடித்தார். உதைத்தான். இன்னும் கொஞ்சம். மூன்றாவது உதையில் கால் கல்லில் பட்ட மாதிரி திரும்பியது. இப்போது சரி என்றான். ஈஸ்வரபாண்டி மீட்டரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். நாற்பத்தெட்டு.

பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறக்கச் சொன்னார். கதவை ஒட்டிய தூணில், வெள்ளிக்கிழமை தவறாமல் சுருளியாண்டி சந்தனமும் குங்குமமும் வைக்கிற இடம். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கவே, ஏதோ கம்பெனி முத்திரை, சாமிப் பொட்டு வைக்க வாகான இடம் என்று அவன் வைத்துக்கொண்டிருந்தான். ஈஸ்வரபாண்டி துணியை நனைத்து நாலு வாரச் சந்தனத்தைத் தேய்த்து எடுத்தார். உள்ளே ஆள் படம் போட்டு எண் எழுதியிருந்தது. மூன்று ஆள் என்றால் முப்பது, வண்டி நிறைய ஆளும் சாமானும் என்றால் முப்பத்துமூன்று. காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடானால் இரண்டு மூன்று ஏறிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஒரு மாதமாக ஊரெல்லாம் கேட்டது, அவன் வாராவாரம் பொட்டு வைத்துக் கும்பிட்ட இடத்திலேயே இருந்திருக்கிறது.

சுருளியாண்டிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு போயிருந்தால் கதை வேறு. காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டே ஈஸ்வரபாண்டி, ஜீப்புக்கும் இதே உதைதானா என்று கேட்டார். ஆமாம், இதைவிடக் கூடவே இருக்கும் என்றான் இவன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஒங்களுக்கென்ன, முன்னாடி மெத்தை சீட்டு. பின் டயருக்கு மேல உக்காந்து வந்தவகளக் கேட்டால்ல தெரியும்" என்றார் அவர். சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

பின் டயருக்கு மேலே உட்கார்ந்து வந்தவள் முத்துப்பேச்சி.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பேச்சியும் தோட்டத்து வேலைக்கு அவன் ஜீப்பில் வந்தவள்தான். கல்யாணமான புதிதில் அவளை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே, வண்டியின் நடுவில், ஆட்டம் குறைவான இடத்தில் உட்கார வைத்தான். ஒரு வாரம் ஆகவில்லை, ஜாடைப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. டிரைவர் பொண்டாட்டிக்கு மெத்தை, எங்களுக்குத் தகரமா என்று ஒருத்தி கேட்டாள். கங்காணியும் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாதிரி சிரித்தான். சுருளியாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே பேச்சியைக் கடைசிக்கு, பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற பலகைக்கு அனுப்பினான். கட்டின பொண்டாட்டின்னு பாக்காத மனுசன், நியாயஸ்தன் என்று மெட்டு வரைக்கும் பேர் வாங்கினான். அந்தப் பேர் அவனுக்குப் பிடித்திருந்தது. அதை இருபத்திரண்டு வருடம் காப்பாற்றினான்.

அன்று வீட்டுக்கு வந்தவன் பேச்சி முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டான். மறுநாள் விடியற்காலையில், இன்னும் தோட்டத்து ஜீப் ஓட்டிக்கொண்டிருக்கிற முத்துக்கருப்பன் வீட்டு வாசலில் போய் நின்றான். நானும் மெட்டு வரைக்கும் வருகிறேன், கடைசிச் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றான். முத்துக்கருப்பன் அவனுடைய மச்சான் முறை. கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்? காற்றுப் பைத்தியம் முற்றி, களையெடுக்கப் போகிற வரைக்கும் வந்துவிட்டதா என்றான். ஏறியிருந்த பெண்களும் சிரித்தபடி நகர்ந்து இடம் விட்டார்கள்.

முப்பத்தொரு வருடத்தில் சுருளியாண்டி ஒரு வண்டியின் பின்னால் உட்கார்ந்ததில்லை. கம்பம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் தெரிந்தது. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் பலகை வந்து இடுப்பில் அறைந்தது. முன்னால் இருந்து ஓட்டுகிறவனுக்கு அது ஒரு சின்னத் தட்டு, பின்னால் இருக்கிறவனுக்கு உயிர் போய் உயிர் வரும். வளைவுக்கு வளைவு, பிடித்திருந்த கம்பி கையை அறுத்தது. ஒரு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் பக்கத்தில் இருந்த பெண்கள் அவன் அளவுக்குக் குலுங்கவில்லை. உற்றுப் பார்த்தான். பள்ளம் வருவதற்கு ஒரு நொடி முன்னால், எல்லாரும் ஒன்றுபோல மேல்கம்பியைப் பிடித்து உடம்பைப் பலகையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டார்கள். சக்கரம் எழுந்ததும் உட்கார்ந்தார்கள். பேசிக்கொண்டே, வெற்றிலை போட்டுக்கொண்டே, கண்ணைக்கூடத் திறக்காமல் அதைச் செய்தார்கள்.

இது யார் சொல்லிக்கொடுத்தது என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டான்.

"பேச்சி அக்காதான். எந்தப் பள்ளம் எப்ப வரும்னு அக்காவுக்குத்தான் மனப்பாடம். ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்றாள் அவள்.

மெட்டில் இறங்கியவன் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். முத்துக்கருப்பன் பதறிப்போய், முதுகில் அடிகிடி பட்டுவிட்டதா என்று தடவிப் பார்த்தான். நான் கொன்னுட்டேன் மச்சான், கொஞ்சம் கொஞ்சமா அவளைக் கொன்னுட்டேன் என்று இவன் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. ஒரு டீயை வாங்கிக் கையில் திணித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அது போதுமாக இருந்தது.

பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பியபோது பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன நடை. சுருளியாண்டியும் கூட நடந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து மெட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றான். பேச்சி நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நாலு பேரு பேச்சுக்குப் பயந்து ஒன்னயக் கொண்டுபோயி அங்கன உக்கார வச்சேன் பேச்சி. அந்தப் பலகையும் என் உதையும்தான் ஒன் முதுகத் தின்னுருச்சு. நான் நல்லவன்னு பேர் வாங்கிக்கிட்டேன்" என்றான்.

பேச்சி மறுபடி நடக்க ஆரம்பித்தாள். இரண்டு சுற்று முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"மொதப் பத்து வருசம் ஒங்க மேல அம்புட்டுக் கோவம் இருந்துச்சு. பெறகு அலுத்துப்போச்சு. எடத்த மாத்தலன்னு கோவமில்ல. மாத்துனா பேசுவாகன்னு எனக்கும் தெரியும். எறங்குறப்ப ஒரு நாளாச்சும் வலிக்குதான்னு கேட்டிருக்கலாம்ல. வலி போயிருக்காது. ஆனாக் கேட்டிருக்கலாம்."

இப்போது கேட்டால் சொல்வாயா என்றான் அவன்.

"கேட்டுப் பாருங்க" என்றாள் பேச்சி.

அன்றிலிருந்து தினமும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, சுருளியாண்டி புதிதாக வாங்கிய மீட்டரோடு வண்டியைச் சுற்றி வந்தான். நாலிலும் முப்பது. உதைக்க எழும் காலை அடக்கிக்கொண்டான். மெத்தை தலையணையை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, முன்சீட்டைக் கொஞ்சம் சாய்த்து பேச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்தான். முதல் நாள் பண்ணைப்புரம் வரைக்கும். வலிக்குதா என்று கேட்டான். இல்லை என்று வழக்கம்போலத் தலையாட்டினாள். நிஜமாகச் சொல் என்று வண்டியை ஓரங்கட்டினான். கொஞ்சம் வலிக்கிறது, இடது பக்கம், என்றாள். அதைச் சொல்லும்போது, யாருடைய சாமானையோ எடுத்துவிட்ட மாதிரி அவள் முகம் கூசியது. பத்து நாளில் அந்தக் கூச்சம் போய்விட்டது. எங்கே வலிக்கிறது, எந்த வேகத்தில் வலிக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை இறங்க வேண்டும் என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே போனால், "ஏலத்தோட்டத்துக்கா போறோம்?" என்று தொடையில் ஒரு அடி போட்டாள். சின்னமனூர் வரைக்கும் போய் வந்தார்கள். ஈஸ்வரபாண்டி கடை வாசலில் நின்று இரண்டு பேரும் இளநீர் குடித்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு ரகளை நடந்தது. பெண்ணை அழைத்துப் போகிற வேனில் இடம் போதவில்லை. சீர்ப் பாத்திரத்தைக் காரின் டிக்கியில் ஏற்றலாம், பின்சீட்டில் மூன்று பேர் நாளைக்கு வரலாம் என்று ஜோதிலட்சுமி ஏற்பாடு செய்துவிட்டாள். சுருளியாண்டி அண்டாவைக் கீழே இறக்கினான். வண்டி நிறைய ஏற்றினால் முப்பத்துமூன்று வைக்க வேண்டும், அவளுக்கு முப்பதுதான் சரிப்படும், யாரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டான். சொந்தக்காரர்களுக்கு முகம் சுருங்கிப்போனது. கார் வந்ததும் கண் தெரியவில்லை என்று பெரியப்பா ஒருத்தர் காதுபடவே சொன்னார். சுருளியாண்டி அவருக்கு வேறு வண்டி பேசி அனுப்பிவைத்தான்.

பேச்சியால் மண்டபத்துத் தரையில் ராத்தங்க முடியாது என்பதால் அவர்கள் இரண்டு பேர் மட்டும் முகூர்த்த நாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். சின்னமனூர் வரைக்கும் ரோடு வெண்ணெய். அரை மணிக்கு ஒரு தடவை இறங்கி நடந்தபடியே தேனி தாண்டினார்கள். கண்டமனூரில் நடந்தார்கள். கடமலைக்குண்டில் நடந்தார்கள். அதற்கு மேலே ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது, ஜல்லி கொட்டியிருந்தார்கள். நடக்கிற வேகத்தில்தான் வண்டி நகர்ந்தது. மயிலாடும்பாறை வந்தபோது மணி எட்டேகால். பேச்சி அவன் கையைத் தொட்டாள்.

"வலிக்குது. நிறுத்துங்க. ரொம்ப வலிக்குது."

நிறுத்தினான். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கியவளுக்குக் கால் ஊன்ற முடியவில்லை. புளியமரத்து நிழலில் அவன் தோளைப் பிடித்தபடி நின்றாள். ஜல்லி ரோடு முடிந்துவிட்டது, ஆனால் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி கர்ணனிடமிருந்து போன் வந்தது. பின்னால் மேளச் சத்தம். எட்டரைக்குத் தாலி கட்டிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கத்தினார். பேச்சிக்கும் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன், வண்டியை எடுங்கள், வேகமாகவே போங்கள் என்று அவன் சட்டையை இழுத்தாள்.

சுருளியாண்டி நகரவில்லை. மேளத்தை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னான். கர்ணனுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, போனை ஸ்பீக்கரில் போட்டு மேளக்காரர்களைக் கையமர்த்தினார். மண்டபம் அமைதியானது. ஜீப்பில் வந்த பெண்கள், கங்காணி, முகம் சுருங்கிய பெரியப்பா, இரண்டு ஊர்ச் சனமும் அங்கேதான் இருந்தார்கள்.

"எம் பொண்டாட்டிக்கு இடுப்பு வலிக்குது. என்னாலதான் அந்த வலி. அவ நடந்து, வலி விட்டதும்தான் வண்டிய எடுப்பேன். ஒம்பது மணிக்குள்ள வந்துருவோம். அதுவரைக்கும் தாலியக் கையில வச்சுக்கிட்டு இருங்க. அவ வராமக் கட்டக் கூடாது" என்றான். சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

அந்தப் பக்கமிருந்து மகள் மகாலட்சுமியின் குரல்தான் வந்தது. "அம்மாவ மெதுவா நடக்கச் சொல்லுங்கப்பா. நாங்க இருக்கோம்."

போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினான். பேச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, வாயோரம் சிரிப்பும் இருந்தது. "ஊரே கேட்டிருக்கும். இனி ஒங்களக் காலத்துக்கும் பேசுவாக" என்றாள்.

"பேசட்டும்" என்றான். "இப்பத் தேவலையா? போகலாமா?"

இருபத்திரண்டு வருடமாக, முன்னால் உட்கார்ந்திருப்பவன் எடுத்தால் கிளம்பி, நிறுத்தினால் இறங்கியவள் அவள். புளியமரத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், அவசரமே இல்லாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னும் அஞ்சு நிமிசம் நடக்கணும்" என்றாள் பேச்சி.

நடந்தார்கள். மாப்பிள்ளை அருண்பாண்டி மகாலட்சுமியின் கழுத்தில் தாலி கட்டியபோது மணி எட்டு ஐம்பத்தாறு. பேச்சி மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.